கோட்டில் ஒட்டிய வெள்ளை

"கொஞ்சம் திரும்பி நில்லுங்கோ" என்றாள் கோமளம். ஆபீஸிலிருந்து வந்த வெங்கடகிருஷ்ணனின் கறுப்புக் கோட்டு முதுகில் வெள்ளை அப்பியிருந்தது.

"ஆயுத பூஜைக்கு ஆபீஸ் பூரா உங்க கம்பெனி டிஸ்டம்பர் பெயிண்ட்தான் அடிச்சிருக்கு, சுண்ணாம்பு மாதிரி மேலே ஒட்டாது, ஈரத்துணியாலே துடைக்கலாம்னு பெருமை அடிச்சுண்டேளே! ஒரு மாசமா தினம் ஒட்டறதே! இதைத்தான் ஊருக்கெல்லாம் விக்கறேளாக்கும்?"

"பெயிண்டைத் திட்டாதே, கோமளம்."

"திட்டாம கொஞ்சுவாளா? நாளைக்கு இந்தக் கோட்டோட உங்க மேனேஜர்கிட்ட வரேன். அவரே பார்க்கட்டும்."

வெங்கடகிருஷ்ணன் மெதுவாகக் கோட்டைக் கழற்றினான்.

"அங்கே போகாதே. நான் ஆபீஸ் போயே ஒரு மாசமாச்சு. விற்பனை போறலைன்னு வேலையை விட்டு நிறுத்திட்டா. பகல் பூரா சிட்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்திலே சுவர்லே சாஞ்சுண்டு உக்கார்ந்திருக்கேன். அது சுண்ணாம்புச் சுவர்."

கோமளம் கோட்டை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பயப்படாதே. நம்ம மல்லேஸ்வரத்திலே ஒரே ஒரு வீட்டு ஆர்டர் கொண்டுவந்தா திரும்ப எடுத்துக்கறேன்னு மேனேஜர் சொல்லியிருக்கார். சாயங்காலம் வரச்சே நம்ம கிராஸ் தெருவிலே ஒரு வீடு விடாம கேட்டுட்டேன். டிஸ்டம்பர்னு ஆரம்பிச்சாலே சிரிச்சுண்டு கதவைச் சாத்தறா. ஏன்னுதான் புரியலை."

கோமளம் கோட்டை மடித்துக் கீழே வைத்தாள்.

"எனக்குப் புரியறது" என்றாள். "தினம் நீங்க குளிக்கப் போனதும் இதை எடுத்துண்டு போய், இவர் விக்கற டிஸ்டம்பர் லட்சணத்தைப் பாருங்கோன்னு வீடு வீடாக் காட்டினது நான்தான்."