நாற்காலிச் சத்தம்

பயிற்சி டாக்டர் நாற்காலியைக் கரகரவென்று இழுத்துப்போட்டு, பேராசிரியையின் எதிரே உட்கார்ந்தாள். கைபேசியை அணைத்தாள். தண்ணீர் டம்ளரை அருகில் நகர்த்தி வைத்தாள்.

துக்கச் செய்தியை நோயாளியின் வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று பேராசிரியை வகுப்பில் நடத்திய பாடம் அது. ஒன்றும் பிசகவில்லை.

"சுத்தி வளைக்காதேம்மா. முகத்தைப் பார்த்துச் சொல்லு."

"மேடம்..." அவள் குரல் உடைந்தது.

"நாம அழக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"முடியல மேடம். எவ்வளவோ போராடினோம். சார் போயிட்டாரு."

அறுவை அரங்கின் கதவுக்குப் பின்னே பேராசிரியையின் கணவர் கிடந்தார்.

"சரியாத்தான் சொன்னே," என்றார் பேராசிரியை. "ஒண்ணுதான் நான் சொல்லித் தரல. எனக்கே இப்பத்தான் தெரியுது. நாற்காலிய இழுக்காதே, தூக்கி வை. அந்தச் சத்தத்துலயே எல்லாம் தெரிஞ்சுபோச்சு."