பிரிக்காத கட்டு

முப்பத்திரண்டில் ஏழு போனால் மீதி எத்தனை? ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் பத்துப் பத்தாக நூல் சுற்றிய மூன்று ஈர்க்குச்சிக் கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் இருந்தன. எல்லோரும் ஒரு கட்டைப் பிரித்து எண்ணத் தொடங்கிவிட்டார்கள். மாரிச்செல்வி மட்டும் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

“பிரிச்சாத்தானே ஏழு எடுக்க முடியும்?” என்றார் சகாயமேரி டீச்சர்.

“மாட்டேன் டீச்சர். பீடிக்கடையில எங்கம்மா சுத்திக் கட்டுன பீடிக் கட்டப் பிரிச்சாங்கன்னா, அது வேண்டாம்னு அர்த்தம், கூலி கிடையாது. அன்னைக்கு எங்கம்மா சாப்பிட மாட்டா.”

“இது பீடி இல்லட்டி, வெறும் குச்சி.”

“கட்டுனது நாந்தானே டீச்சர்?”

டீச்சருக்கு எரிச்சல் வந்தது. “அப்போ பிரிக்காமலே ஏழு எடுத்துக் குடு, பாப்போம்.”

மாரிச்செல்வி கொஞ்ச நேரம் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து, ஒரு முழுக் கட்டை டீச்சரின் கையில் வைத்தாள்.

“இதுல பத்து இருக்கு. மூணு திருப்பித் தாங்க.”

கணக்கு சரிதான். டீச்சர் மேசை முழுக்கத் தேடினார். உதிரிக் குச்சி ஒன்றுகூட இல்லை; பிள்ளைகளின் முன்னால் கிடந்ததெல்லாம் அவரவர் கணக்குக்கான குச்சிகள். மாரிச்செல்வி நீட்டிய கையை மடக்காமல் நின்றாள். டீச்சரின் நகம் நூல் முடிச்சின்மேல் போய் நின்றது.