கண்ணாடி அலமாரிக்குள் மாவு எழுத்துகள்

"எழுத்தைத் தொட்டா கை சுட்டுடுமா, ஆயா?" என்று இரட்டைப்பின்னல்காரி ஒருநாள் கேட்டிருந்தாள். இன்று வகுப்பறை அலமாரி திறந்திருக்கிறது, போட்டோவுக்காக. பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கட்டும் என்று ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளி ஆயாதான் மாவு பிசைந்து அந்த எழுத்துகளைச் செய்தாள். ஒரு பிள்ளையின் கையும் படாமல் பூட்டிக் கிடந்து, அவற்றில் பச்சைப் பூசணம் பூத்திருக்கிறது. டீச்சர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பூசணம் தெரியாம தட்டைப் பிடிங்க. சிரிங்க," என்கிறாள். இரட்டைப்பின்னல்காரி சிரிக்கவில்லை. இன்று படித்துக் காட்டாவிட்டால் அவளைக் கீழ் வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். தட்டில் இருக்கும் மூன்று எழுத்துகளின் வளைவிலும் அவள் விரல் மெல்ல ஊர்கிறது; உதடு "மரம்" என்று முணுமுணுக்கிறது. டீச்சர் அந்த விரலைத் தட்டிவிடுகிறாள். "உடைச்சுத் தொலைக்காதே! மத்தியானம் அடுத்த வகுப்பு போட்டோவுக்கும் இதுதான்." போட்டோ முடிந்ததும் புத்தகம் நீள்கிறது. அதில் அச்சான பொடி எழுத்துகளை வெறித்தபடி சிறுமி நிற்கிறாள். "வாயைத் திறக்குதா பாரு, ஊமைக்கோட்டான்!" என்கிறாள் டீச்சர். "இப்பதான் தடவிப் பாத்துப் படிச்சா டீச்சர். என் காதால கேட்டேன்," என்கிறாள் ஆயா. "மாவு பிசையறதோட உங்க வேலை முடிஞ்சுது ஆயா." பதிவேட்டில் சிறுமியின் பெயர் மேல் சிவப்புக் கோடு விழுகிறது. அழுகிய எழுத்துகள் பத்திரமாக அலமாரிக்குத் திரும்புகின்றன. சிறுமி பச்சை ஒட்டிய விரலைப் பாவாடையில் துடைக்கிறாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கீழ் வகுப்பை நோக்கி நடக்கிறாள்.