மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை

“இது வேணாம்ணே, டல்லடிக்குது. எங்க அம்சத்துக்கு எடுக்குறோம், பளிச்சுன்னு இருக்கணும்” என்றாள் ஷம்சாத்.

கீழவாசல் ஜவுளிக்கடையில் இராஜாங்கம் முந்நூறாவது புடவையை உதறினார். அலமாரி மொத்தமும் தரைக்கு வந்துவிட்டது. கடையில் பிரிக்காமல் மிச்சமிருந்தது அவர் இடுப்பு வேட்டி ஒன்றுதான். எதிரே சம்மணமிட்டு மூன்று திருநங்கைகள்: ஆனந்தவல்லி, ஷம்சாத், ராமாயி. அம்சத்தோடு ஒரே வீட்டில், ஒரே உலையில் பொங்கித் தின்றவர்கள்.

“நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடாம்மா?”

“பொண்ணு வீடு” என்றாள் ஷம்சாத் பட்டென்று. ராமாயி அவள் தொடையில் கிள்ளினாள்.

ஆனந்தவல்லிக்குக் கண்ணெல்லாம் மடியிலிருந்த செல்போனில். ‘பொறந்த வீட்டுப் புடவை ஒண்ணே ஒண்ணு என் மேல பட்டுட்டாப் போதும்டி’ என்று அம்சம் புலம்பிய புலம்பல் வடவாற்று மீனுக்குக்கூட மனப்பாடம். அவளுடைய அண்ணன் துரைராசுக்குக் காலையிலேயே சொல்லி அனுப்பியாகிவிட்டது.

போன் அடித்தது. அவர்தான்.

“அண்ணே, நீங்க வரக்கூட வேணாம். ‘என் பேர்ல எடுங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்குறோம்.”

“எங்கூடப் பொறந்தவன் தம்பிம்மா. வேட்டி கேளு, எடுத்துத் தர்றேன். புடவைக்கெல்லாம் என் பேர இழுக்காத.”

வைத்துவிட்டார்.

“நிலத்துல பங்கு வேணாம்னு எழுதி வாங்க வந்தப்ப மட்டும் ‘அம்சம், அம்சம்’னு தேனா ஒழுகுச்சு!” ஷம்சாத் போட்ட சத்தத்தில் பெரிய கோயில் நந்தியே ஒருதரம் திரும்பிப் பார்த்திருக்கும்.

“விடுடி” என்று ராமாயி மூக்கைச் சிந்தினாள். “பொறந்த வீடு எடுக்காம வேற யாரு எடுத்தாலும் அது முறையில்லியே.”

“வேற யாரா?” ஆனந்தவல்லி செல்போனை இடுப்பில் செருகினாள்.

கட்டிய கைலியோடு அம்சம் வந்து நின்ற நாளில், ஷம்சாத் தன்னிடமிருந்த ஒரே புடவையை நட்டநடுவே கிழித்துப் பாதியைக் கொடுத்தாள். அப்புறம் அந்த அரைப் புடவைக்காரிகள் இருவரும் ஒரு வாரம் வாசல் பக்கமே வரவில்லை. அம்சம் மஞ்சள்காமாலையில் கிடந்தபோது கீழாநெல்லி அரைத்து அரைத்தே ராமாயியின் உள்ளங்கை பச்சையாகிப் போனது. தெருவில் போன ஆடெல்லாம் அவள் கையை மேய வந்தன.

“அந்த மாம்பழ மஞ்சள எடுங்கண்ணே. அரக்குக் கரை போட்டது” என்றாள் ஆனந்தவல்லி.

“ஆகா, கட்டுனா மகாலட்சுமிதான்! ரவிக்கை தைக்கக் குடுத்துட்டுப் போறீங்களா?”

“அதுக்கு நேரமில்லண்ணே.”

இராஜாங்கம் பையை நீட்டினார். “சந்தோஷமாப் போயிட்டு வாங்கம்மா.”

வாயாடி ஷம்சாத்கூட ‘வர்றோம்’ என்று சொல்லாமல் படியிறங்கினாள்.

வடவாற்றங்கரைத் தெருவை அடைத்துப் பந்தல். ஆட்டோவைக் கண்டதும் நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்தார்கள். பந்தல் வேலையை முன்னின்று பார்த்த பக்கத்து வீட்டு முருகையன் ஓடிவந்தார்.

“என்னம்மா இது, பொழுது சாயப்போவுது. பொறந்த வீட்டுலேர்ந்து ஒரு ஆளும் வரலியே?”

ஆனந்தவல்லி புடவையைத் தாம்பாளத்தில் வைத்து இரு கையாலும் தூக்கிப் பிடித்தாள். இரண்டு பக்கமும் இரண்டு கைகள் வந்து அதைத் தாங்கின.

“நாங்கதான் வந்துருக்கோமே” என்றாள். “கோடி போடணும்... அவ மொகத்த மூடுன துணிய வெலக்குங்க.”