ஏழாம் பொருளின் பொருள்

"அஜெண்டா வாசல் பலகையில ஒட்டியிருக்கு. போய்ப் படிச்சுப் பாருங்க."

நகர மன்ற அலுவலக கிளார்க் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை.

தையல்காரிக்குச் சுருக்கென்றது. வாய்க்கால் மேலிருக்கும் சின்னப் பாலத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெருவெல்லாம் ஒரே பேச்சு. அதை விட்டால் அக்கரைக்குப் போகப் படிக்கட்டுப் பாலம்தான். அவள் கணவரோ சக்கர நாற்காலிக்காரர். கடிகாரம் பழுது பார்க்கும் அவர் கடை அக்கரையில்.

பலகையை மேலும் கீழும் படித்தாள். 'பாலம்' என்ற சொல்லையே காணோம். 'பொருள் ஏழு: வாய்க்கால் குறுக்கமைப்பு முறைப்படுத்தல்' என்று மட்டும் இருந்தது.

திரும்பி வந்தாள். "சார், ஏழாவதுக்கு என்ன அர்த்தம்?"

"அதெல்லாம் நான் சொல்றதுக்கில்லைம்மா. சாயங்காலம் கூட்டம். பொதுமக்களும் கேள்வி கேட்கலாம். பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன். அங்கேயே வந்து கேளுங்க."

"ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிச்சிடுமா?"

வெடுக்கென்று பேரை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியேறினாள்.

அந்தக் கோபம்தான் சாயங்காலம் அவளைக் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. பேரைக் கூப்பிட்டதும் மைக் முன்னால் போய் நின்றாள்.

"ஏழாவது பொருள்னா என்னங்க? ஆபீஸ்ல கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறாங்க!"

தலைவர் காகிதங்களைப் புரட்டினார். தொண்டையைச் செருமினார். "அது... அந்தச் சின்னப் பாலத்தை எடுத்துடறதும்மா."

"அப்போ என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியோட படிக்கட்டு ஏறணுமா?"

உறுப்பினர்கள் ஆளாளுக்குத் தலைவரைத் துளைத்தெடுத்தார்கள்.

"சரி, சரி. மாற்றுவழி போடாம அந்தப் பாலத்துல கை வைக்க மாட்டோம்" என்றார் தலைவர்.

அவருக்கு வாய் ஓயாமல் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வாசலில் அந்த கிளார்க், கூட்டக் குறிப்பு எழுதிய லேப்டாப்போடு.

"பார்த்தீங்களா சார்? எவ்வளவு பெரிய மனுஷர், கேட்டதும் சொல்லிட்டார். நீங்க காலையிலேயே சொல்லியிருந்தா குறைஞ்சா போயிருப்பீங்க?"

அவர் சிரித்தார்.

"நான் சொல்லியிருந்தா நீங்க வீட்டுக்குப் போய் அழுதிருப்பீங்க. கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டீங்க. நான் கவுன்ட்டர்ல சொல்றது காத்தோட போச்சும்மா. தலைவர் எல்லார் முன்னாலயும் சொன்னது மினிட்ஸ்ல ஏறிடுச்சு. நாளைக்கு யாரும் பேச்சு மாற முடியாது."

தலைவருக்குச் சொன்ன நன்றியெல்லாம் விலாசம் தப்பிப் போனது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.