ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம்

"நாளைக்குச் சண்டையில என் சேவல் மேல உங்கப்பன் படகைப் பந்தயம் வெச்சிருக்கேன். அது சும்மாதானே கெடக்கு? நீயா போய் மீன் புடிக்கப் போறே?"

சனிக்கிழமை ரொகேலியோ தன் மனைவி மெர்லிண்டாவிடம் இப்படிச் சொல்லிச் சிரித்தான். பிலிப்பைன்ஸின் செபுக் கரையில் ஞாயிறு விடிந்தபோது அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மெர்லிண்டா தங்கையோடு அதே படகைக் கடலில் இறக்கிவிட்டாள்.

அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"அக்கா, திரும்பிடலாம். அத்தான் கொன்னுடுவாரு!" தண்ணீரை இறைத்தபடியே வில்மா கத்தினாள்.

"நம்மப்பா படகுடி இது. இன்னொரு சுத்து சுத்திட்டுப் போலாம்."

படகின் பின்னால் இழுபட்டு வந்த தூண்டில் நரம்பு திடீரென விறைத்தது. உள்ளங்கை அறுபட அறுபட மெர்லிண்டா இழுத்தாள். இடுப்பளவு வஞ்சிரம் ஒன்று படகுக்குள் விழுந்து துள்ளியது.

படகு கரை தொட்டபோது, தூக்கம் கலையாத முகத்தோடு ரொகேலியோ ஓடிவந்தான்.

"யாரைக் கேட்டுடி எடுத்தே?" என்றவன், மீனைப் பார்த்ததும் குரலை இறக்கினான். "இந்த அலையிலயா? கொக்கியில என்ன கட்டுனே?"

"இறகு. தண்ணியில பளபளன்னு ஓடுச்சு, வஞ்சிரம் விடுமா?"

"அவ்வளவு நீள இறகு ஏது நமக்கு?"

"உன் சேவலோட பின்பக்கத்தைப் போய்ப் பாருய்யா. வாலில்லாத சேவலை எவனும் சண்டைக்குச் சேக்கமாட்டான். அதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் புடி. என் படகை மேல ஏத்தணும்."