டைகரை விட்டுட்டு வர முடியாது

சிதம்பரத்திலிருந்து தங்கை பவானி போனில் கெஞ்சினாள். "எம் பொண்ணு கல்யாணம்ண்ணே. தாய்மாமன் நீ சீரோட முன்னால நிக்க வேணாமா?"

கடலூர் முதுநகரில் தில்லைநாதன் பெருமூச்சு விட்டார்.

"டைகர் என் கையாலதான் சாப்பிடும். காலையிலயும் சாயங்காலமும் நான்தான் வெளிய கூட்டிட்டுப் போவணும். ஊசி, மருந்துன்னு செலவும் ஜாஸ்தி. நாய் வளர்க்கிறவன் எங்கம்மா நகர முடியும்?"

"அப்ப எங்களவிட நாய்தான் ஒசத்தி!" பவானி அழுதபடி போனை வைத்தாள்.

மனைவி மலர்க்கொடி சலிப்புடன் கேட்டாள்: "டைகர் செத்து ஒரு வருஷம் ஆவுது. இன்னும் எத்தனை விசேஷத்துக்குங்க அதை உயிரோட வெச்சிருப்பீங்க?"

தில்லைநாதன் தலையை நிமிர்த்தினார். "தாய்மாமன் வெறுங்கையோட வந்து நின்னான்னு சொந்தக்காரங்க பேசறதுக்கு, நாய்க்காக வரலைன்னு பேசிட்டுப் போவட்டும்."